வாளிக்குள் ஒரு காய்ச்சல்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றால் நாலு கவிதை இருக்கும், பத்துத் துணுக்கு இருக்கும், ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி ஒரு கிண்டலாவது கட்டாயம் இருக்கும். நடுவில் பீர் பற்றி ஒரு கட்டுரையா என்று உங்களில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. உட்காருங்க, உட்காருங்க! ஆனால் நீங்க எதிர்பார்க்கிற சமாச்சாரம் இதில் இல்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. காய்ச்சச் சொல்லும் கட்டுரையும் இல்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். "பீர் தானே சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பிரிட்டனில் 1963-லிருந்து சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. அங்கெல்லாம் கார் ஷெட்டிலும் சமையலறை மூலையிலும் 20 லிட்டர் வாளியை வைத்துக்கொண்டு, லேப் ரெக்கார்டு எழுதுகிற மாதிரி குறிப்பெடுத்துக்கொண்டு, இதை ஒரு கைவேலையாகச் செய்கிறவர்கள் ஏராளம்.

அவர்களுடைய பெரிய தலைவலி எது தெரியுமா? பார்லி இல்லை, தண்ணீர் இல்லை. வெப்பநிலை!

அந்த ஒரு வாளிக்குள் நம்ம சிலபஸில் பாதி உட்கார்ந்திருக்கிறது. தெர்மோடைனமிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர், ரெஃப்ரிஜரேஷன், இன்ஸ்ட்ருமென்டேஷன், கன்ட்ரோல் எல்லாம் உண்டு. இன்னொரு விஷயம், இன்று நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னோடியான மெஷின் பீரைக் குளிரவைக்கப் பிறந்தது. அதைப் பெற்றவர் ஒரு பாலிடெக்னிக் வாத்தியார்! அதனால்தான் இந்தக் கட்டுரை.

இட்லி மாவிலிருந்து ஆரம்பிப்போம்

நொதித்தல் என்றால் என்ன என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். மார்கழி மாதத்தில் அம்மா மாவுப் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பாங்க. சித்திரையில் கொஞ்சம் அசந்தால் போதும், அதே மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். காலையில் வாயில் வைக்க முடியாத புளிப்பு. ஊட்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்க. ராத்திரி அரைத்து வைத்த மாவு விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும் கதையைச் சொல்வார்கள். அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. மாறினது வெப்பநிலை மட்டும்.

இட்லி மாவில் வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா. பீரில் வேலை செய்வது ஈஸ்ட். ஆள்தான் வேறு, குணம் ஒன்று. குளிர்ந்தால் தூங்கும், சூடானால் துள்ளும், அதற்கும் மேலே போனால் செத்துவிடும்.

பீர் உண்டாகும் விதத்தை நாலு வரியில் சொல்கிறேன். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, சுமார் 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். மிச்ச வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடும். மூன்றாவதாக ஒன்றையும் வெளியே விடும். வெப்பம்!

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தொழிலாளிக்கு ஏற்ற தட்பவெப்பம்

ஈஸ்டில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஏல் என்ற வகைப் பீரைச் செய்யும் ஈஸ்ட், நம்ம பேக்கரி ஈஸ்டின் சொந்தக்காரர். அதற்குப் பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரி பிடிக்கும். லாகர் வகையைச் செய்யும் ஈஸ்ட் குளிர்காரர். 9 முதல் 13 டிகிரியில் நிதானமாக வேலை செய்யும். இது ஏல் ஈஸ்டுக்கும் குளிர் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்டுக்கும் பிறந்த கலப்பினம். அந்தக் காட்டு ஈஸ்டைத் தென் அமெரிக்காவின் பட்டகோனியா காட்டு மரங்களில் கண்டுபிடித்த செய்தி 2011-ல் வெளிவந்தது. விதிவிலக்கும் உண்டு. நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வெய்க் என்ற ஈஸ்ட், 30 முதல் 40 டிகிரியிலும் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே எல்லா ஈஸ்டுக்கும் ஒரே வெப்பநிலை என்று மனப்பாடம் செய்யாதீங்க.

வெப்பநிலை தப்பினால் என்ன ஆகும்? சூடு ஏறினால் ஈஸ்ட் அவசர அவசரமாக வேலை பார்க்கும். அவசர வேலையின் லட்சணம் நமக்குத் தெரியாதா! எஸ்டர் என்ற வாசனைப் பொருள்கள் அளவுக்கு மீறி உண்டாகும். அதில் ஒன்று ஐசோஅமைல் அசிடேட். அப்படியே வாழைப்பழ வாசனை. பவேரியாவின் கோதுமை பீரில் இந்த வாசனையை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். மற்ற பீரில் வந்தால் குறை. இன்னும் சூடு ஏறினால் ஃபியூசல் என்ற கனமான ஆல்கஹால்கள் கூடும். தின்னர் மாதிரி நெடி அடிக்கும்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். "சூட்டில் நொதித்தால் மெத்தனால் விஷம் உண்டாகுமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஃபியூசல் வேறு, மெத்தனால் வேறு. பார்லி பீரில் மெத்தனால் இருந்தாலும் மிகமிகச் சொற்பம்; வெப்பநிலை ஏறியதால் அது விஷ அளவுக்குப் போய்விடாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே மெத்தனால், அது ஈஸ்ட் செய்த வேலை இல்லை. மனுஷன் கலந்தது. இந்த வித்தியாசம் தெரியாததால் ஒரு பக்கம் தேவையில்லாத பயம், இன்னொரு பக்கம் தேவையான பயம் இல்லாமல் போவது, இரண்டும் நடக்கிறது. டிப்ளமா படித்தவனாவது தெரிந்து வைத்திருக்கணும்.

குளிர் அதிகமானால்? ஈஸ்ட் போர்வையைப் போர்த்திக்கொண்டு அடியில் படுத்துவிடும். சர்க்கரை பாதி தின்னாமல் மிச்சம் நிற்கும். அதன் ஆபத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஜூல் என்று யூனிட் எழுதுகிறோமே, அந்த ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. தானும் அந்த ஆலையைக் கவனித்தவர். 1845-ல் தண்ணீரைத் துடுப்புச் சக்கரத்தால் கலக்கி, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று அளந்தார். அதில் ஏறும் சூடோ டிகிரியில் சின்னஞ்சிறு பின்னம். அவ்வளவு நுணுக்கமாகத் தெர்மாமீட்டர் பார்ப்பவர் பீர் ஆலையில் வளர்ந்தவர் என்பதில் பொருத்தம் இருக்கிறது, இல்லையா?

சரி, அவருடைய யூனிட்டிலேயே கணக்குப் போடுவோம்.

20 லிட்டர் சாறு. எடை சுமார் 21 கிலோ. அதில் 12 சதவீதம் கரைந்த சர்க்கரைச் சத்து என்றால் ஏறக்குறைய 2.5 கிலோ. அதில் ஈஸ்ட் உண்மையில் தின்று முடிப்பது சுமார் 1.6 கிலோ. ஒரு கிலோ நொதித்தால் ஏறக்குறைய 600 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். ஆக மொத்தம்:

1.6 × 600 = 960 கிலோஜூல்.

இந்தச் சாற்றை 1 டிகிரி சூடாக்க சுமார் 84 கிலோஜூல் வேண்டும். வெப்பம் வெளியே போகவே வழியில்லை என்று வைத்துக்கொண்டால்:

960 ÷ 84 = சுமார் 11 டிகிரி!

அதாவது 20 டிகிரியில் ஆரம்பித்த வாளி, தெர்மோகோலால் இறுக்கி மூடிவிட்டால், தானாகவே 31 டிகிரிக்குப் போய்விடும். யாரும் அடுப்பு மூட்டவில்லை. வாளிக்குத் தானாகவே காய்ச்சல்!

இப்போது இதையே பவர் கணக்காகப் பாருங்க. இந்த 960 கிலோஜூல் மூன்று நாளில் வெளிவந்தால் சராசரி 4 வாட்டுக்கும் குறைவு. நம்ம வீட்டு ஜீரோ வாட் பல்பு கூட இதைவிட அதிகம் சாப்பிடும். "இவ்வளவுதானா!" என்று தோன்றும். ஆனால் அந்த நாலு வாட்டும் வாளியின் நட்டநடுவில், ராத்திரி பகல் ஓயாமல் உண்டாகிறது. நடைமுறையில் வேகமான நொதித்தல் நடக்கும்போது வாளிக்குள் இருக்கும் வெப்பநிலை, அறையைவிட 2 முதல் 5 டிகிரி வரை கூடுதலாக நிற்கும். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 20 என்று சிரிக்கும். வாளிக்குள் 24 ஓடிக்கொண்டிருக்கும்.

வாளி பெரிதானால் கதை இன்னும் மோசம். 20 லிட்டர் வாளியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்கு ஆக்குங்க. கொள்ளளவு ஆயிரம் மடங்கு, அதாவது 20,000 லிட்டர். வெப்பமும் ஆயிரம் மடங்கு. ஆனால் வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு நூறு மடங்குதான்! அதனால்தான் பீர் ஆலைகளின் பெரிய டேங்குக்கு இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் குளிர்ந்த கிளைகால் கரைசலை ஓடவிடுகிறார்கள்.

சிவில் நண்பர்களே, இது நமக்கு எதுக்கு என்று பக்கத்தைத் திருப்பாதீங்க. சிமென்ட் கெட்டியாகும்போதும் வெப்பம் வெளிவரும் அல்லவா? அமெரிக்காவில் 1930-களில் ஹூவர் அணை கட்டியபோது கான்கிரீட்டுக்குள்ளேயே குழாய்களைப் புதைத்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். இல்லாவிட்டால் சூடு அடங்குவதற்குள் அணை விரிசல் விட்டிருக்கும். அணையும் வாளியும் ஒரே கணக்குத்தான்.

"கோடையில் காய்ச்சாதே!"

தெர்மாமீட்டர் புழக்கத்துக்கு வராத காலத்தில் என்ன செய்தார்கள்? காலண்டரைப் பார்த்தார்கள்! ஜெர்மனியின் பவேரியாவில் 1553-ல் ஒரு உத்தரவு வந்தது. ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதுதான் காரணம். ஈஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், வெப்பநிலைக் கட்டுப்பாட்டை அரசாங்கச் சட்டமாகப் போட்டுவிட்டார்கள்.

குளிர்காலத்தில் காய்ச்சியதைக் கோடைக்குக் காப்பாற்றணுமே? நிலத்தடி அறைகளைத் தோண்டினார்கள். குளிர்காலத்தில் குளத்தில் உறைந்த பனியை வெட்டி அடுக்கினார்கள். அறைக்கு மேலே வெயில் படாமல் இருக்க, அகல இலை கொண்ட செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அந்த மர நிழலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்ததுதான் மியூனிக்கின் பீர் தோட்டங்களுக்கு ஆரம்பம். லாகர் என்ற பெயரே, ஜெர்மன் மொழியில் சேமித்து வைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

1845-ல் டென்மார்க்கின் ஜே.சி. ஜேக்கப்சன் (கார்ல்ஸ்பெர்க் ஆலையை நிறுவியவர்) மியூனிக்கிலிருந்து லாகர் ஈஸ்டைக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோனார். குதிரை வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, ஈஸ்ட் வைத்த பாத்திரத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார் என்று சொல்வார்கள். பிற்பாடு அதே கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில்தான் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-ல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். அந்த முறையையும் ஈஸ்டையும் ரகசியமாக வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தபோதும் இதே பிரச்சினைதான். அதனால்தான் அந்தக் காலத்துப் பீர் ஆலைகள் கசௌலி, மர்ரி என்று மலை ஏறிப் போய் உட்கார்ந்தன. மர்ரி ஆலை தொடங்கியது 1860-ல். கம்ப்ரஸர் இல்லாத காலத்தில் மலையே ஃப்ரிட்ஜ்!

ஒரு பாலிடெக்னிக் வாத்தியார்

இப்போது நம்ம ஆள் மேடைக்கு வருகிறார். பெயர் கார்ல் வான் லிண்டே. 1868-ல் தொடங்கிய மியூனிக் பாலிடெக்னிக்கில் ஆசிரியர். இயந்திரவியல் பாடம் நடத்தியவர். டீசல் என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் இவருடைய மாணவர் என்றால் பாருங்களேன்.

குளிர்விக்கும் இயந்திரங்களைப் பற்றி 1870-களின் தொடக்கத்தில் லிண்டே கட்டுரை எழுதினார். (ஆண்டு மலரில் எழுதுவதை இளக்காரமாக நினைக்காதீங்க!) அதைப் படித்துவிட்டுத் தேடி வந்தவர்கள் யார் தெரியுமா? பீர் ஆலைக்காரர்கள். மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை முதலாளி கேப்ரியல் செடில்மேயர், தன் ஆலையிலேயே சோதனை செய்ய இடம் கொடுத்தார். முதல் மெஷினில் டைமெத்தில் ஈதர் என்ற வாயு. எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு. அதை அழுத்தத்தில் கசியாமல் நிறுத்துவது பெரும்பாடாக இருந்தது. அடுத்த மெஷினில் அம்மோனியாவுக்கு மாறினார். அதுதான் வெற்றி பெற்றது. 1879-ல் லிண்டே தன் கம்பெனியைத் தொடங்கினார்.

விளைவு? ஏப்ரல் 23 என்ற தேதிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. குளத்துப் பனிக்காகக் குளிர்காலத்தை எதிர்பார்த்துக் கிடந்த தொழில், வருஷம் முழுக்க ஓட ஆரம்பித்தது. பீருக்காக வந்த மெஷின் பிறகு இறைச்சிக்கும், பாலுக்கும், ஐஸ் தொழிற்சாலைக்கும் பரவியது. நம்ம ரெஃப்ரிஜரேஷன் லேபில் கண்டன்ஸர், எவாபரேட்டர் என்று படம் போடும்போது இந்த வாத்தியாரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்க.

ஈரச் சட்டையும் பழைய ஃப்ரிட்ஜும்

ஆலைக்கு அம்மோனியா பிளான்ட் இருக்கு. வீட்டில் வாளி வைத்திருப்பவர் என்ன செய்கிறார்?

முதல் வழி, ஈரச் சட்டை. அகலமான தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வாளியை உள்ளே வைக்கிறார். வாளிக்குப் பழைய டி-ஷர்ட் ஒன்றை மாட்டிவிட்டு அதன் ஓரம் தண்ணீரில் நனையும்படி விடுகிறார். எதிரே ஒரு டேபிள் ஃபேன். அவ்வளவுதான். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,450 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நம்ம வாளியின் மொத்த வெப்பமே 960. அதாவது 400 மில்லி தண்ணீர் ஆவியானால் நொதித்தலின் வெப்பம் முழுவதும் போய்விடும்! நம்ம மண்பானை செய்வதும் இதே வேலைதான். ஆனால் காற்று வறண்டிருக்கணும். ஈரப்பதம் கூடிய ஊரில் எவ்வளவு ஃபேன் போட்டாலும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. சென்னையில் ஏர்கூலர் வாங்கியவர்களைக் கேட்டால் பெருமூச்சு விட்டுச் சொல்வார்கள்.

இரண்டாவது வழி, ஐஸ். 1 கிலோ ஐஸ் உருகி 18 டிகிரிக்கு வர சுமார் 410 கிலோஜூல் இழுக்கும். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் போட்டுக் காலையிலும் மாலையிலும் மாற்றுவார்கள். மலிவான வழி. ஆனால் ஆள் ஊருக்குப் போய்விட்டால் வெப்பநிலையும் ஊர் சுற்றப் போய்விடும்.

மூன்றாவது வழி, பழைய ஃப்ரிட்ஜ். இங்கே ஒரு இடைஞ்சல். ஃப்ரிட்ஜில் இருக்கும் தெர்மோஸ்டாட் 2 முதல் 8 டிகிரிக்காக வடிவமைத்தது. 18 என்றால் அதற்குப் புரியாது. அதனால் வெளியே தனியாக ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வைத்து, ஃப்ரிட்ஜுக்குப் போகும் கரண்ட்டையே அது ஆன் செய்து ஆஃப் செய்யும்படி விடுகிறார்கள். எலெக்ட்ரிகல் நண்பர்களே, உங்க ஏரியா வந்தாச்சு. இது நம்ம பழைய ஆன்-ஆஃப் கன்ட்ரோல். 18-ல் செட் செய்து 1 டிகிரி இடைவெளி கொடுத்தால், 19 ஆனதும் கம்ப்ரஸர் ஓடும், 18 வந்ததும் நிற்கும்.

இடைவெளியே இல்லாமல் "சரியா 18 இருக்கட்டும்" என்று ஆசைப்பட்டால் கம்ப்ரஸர் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆன் ஆகி ஆஃப் ஆகும். நின்ற உடனே மறுபடி கிளப்பினால், இரண்டு பக்கத்து அழுத்தமும் சமமாவதற்கு முன்பே மோட்டார் தள்ள வேண்டிவரும். திணறி, ஓவர்லோடு விழும், போகப்போக வைண்டிங் கருகும். அதனால் நின்ற பிறகு 3 முதல் 5 நிமிஷம் கட்டாய ஓய்வு. குளிர் நாட்டில் வாளிக்குச் சூடு கொடுக்கும் பெல்ட்டும் மாட்டுவார்கள். அப்போது இரண்டு செட்டிங்குக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடணும். இல்லாவிட்டால் ஹீட்டரும் கம்ப்ரஸரும் மாமியார் மருமகள் மாதிரி மாறி மாறிச் சண்டை போடும். கரண்ட் பில் மட்டும் ஏறும்.

சென்ஸார் எங்கே இருக்கு?

இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஃப்ரிட்ஜ் நல்லது, கன்ட்ரோலர் நல்லது, செட்டிங்கும் சரி. ஆனால் சென்ஸார் காற்றில் தொங்கினால்?

காற்று லேசான சரக்கு. இரண்டு நிமிஷத்தில் குளிர்ந்துவிடும். "18 வந்தாச்சு" என்று கன்ட்ரோலர் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். வாளிக்குள் 21 கிலோ சாறு இன்னும் 22 டிகிரியில் கொதித்துக்கொண்டு, மன்னிக்கணும், நொதித்துக்கொண்டு இருக்கும். டிஸ்ப்ளேயில் 18; உண்மையில் 22. கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வி தப்பு. காற்றின் வெப்பநிலையைக் கேட்டோம், அது காற்றின் வெப்பநிலையைச் சொன்னது.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் சென்ஸாரை வாளியின் பக்கச் சுவரில், சாற்றின் மட்டத்துக்குக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டையோ தெர்மோகோலையோ அழுத்தி டேப் போட்டு ஒட்டுவார்கள். வெளிக்காற்று படாது, சுவர் வழியாகச் சாற்றின் சூடு மட்டும் தெரியும். இன்னும் சிறப்பு வேண்டும் என்றால் மூடி வழியாக அடி மூடிய ஒரு எஃகுக் குழாயை உள்ளே இறக்கி, அதற்குள் சென்ஸாரை வைப்பார்கள். நொதித்தல் சூடாக நடக்கும்போது வாயுக் குமிழ்களே சாற்றைக் கலக்கிவிடுவதால் எங்கே அளந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

இதிலும் ஒரு நெளிவு உண்டு. சாறு மெதுவாகக் குளிரும் சரக்கு. அது 18-க்கு வருவதற்குள் ஃப்ரிட்ஜின் உள்சுவர் நன்றாகவே குளிர்ந்திருக்கும். கம்ப்ரஸர் நின்ற பிறகும் அந்தக் குளிர் வாளியை இன்னும் கொஞ்சம் கீழே இழுக்கும். கன்ட்ரோல் பாடத்தில் படிக்கிற லேக், ஓவர்ஷூட் எல்லாம் இங்கே கண்முன்னால் நடக்கும்.

முதல் மூணு நாள், கடைசி மூணு நாள்

வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது என்றால் ஒரே எண்ணில் கட்டிப்போடுவது இல்லை. எப்போது பிடிக்கணும், எப்போது விடணும் என்று தெரியணும்.

வாசனையைக் கெடுக்கும் எஸ்டரும் ஃபியூசலும் பெரும்பாலும் ஈஸ்ட் பெருகும் முதல் இரண்டு மூன்று நாளில் உண்டாகின்றன. ஆகவே அப்போதுதான் கண்டிப்பு வேண்டும். ஏல் என்றால் சாற்றை 17 டிகிரிக்கு இறக்கிய பிறகே ஈஸ்ட் சேர்ப்பார்கள். 25-ல் சேர்த்துவிட்டுப் பிறகு குளிரவைக்கலாம் என்று நினைத்தால், குளிர் வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

குமிழ் குறைந்த பிறகு கதை தலைகீழ். ஈஸ்ட் களைத்திருக்கும் நேரம். உற்பத்தியாகும் வெப்பமும் குறைந்திருக்கும். இப்போது குளிர்ந்தால் தூங்கிவிடும். அதனால் 20, 21 என்று கொஞ்சம் ஏறவிடுகிறார்கள். லாகரில் இது இன்னும் முக்கியம். நொதித்தலின்போது டைஅசிட்டைல் என்று ஒரு பொருள் உண்டாகிறது. வெண்ணெய் மாதிரி வாசனை. கொஞ்சம் சூடு கொடுத்தால் ஈஸ்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதற்காக 10 டிகிரியில் இருந்த லாகரைக் கடைசியில் இரண்டு மூன்று நாள் 15 முதல் 18 வரை ஏற்றி வைத்துவிட்டு, பிறகு மெதுவாகப் பூஜ்யம் வரை இறக்கிச் சில வாரம் சேமிப்பார்கள்.

ஆரம்பத்தில் கண்டிப்பு, முடிவில் அரவணைப்பு. நம்ம ஒர்க்‌ஷாப் வாத்தியார்களுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும் என்று நினைக்கிறேன்!

பாட்டில் வெடிகுண்டு

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த ஆபத்து இதுதான். நடுவில் ஒருநாள் குளிர் அதிகமாகி ஈஸ்ட் தூங்கிவிட்டது. குமிழ் நின்றுவிட்டது. "முடிந்தது" என்று நினைத்து ஒருவர் பாட்டிலில் அடைத்து மூடிவிட்டார். உள்ளே சர்க்கரை மிச்சம். அறை சூடானதும் ஈஸ்ட் கண் விழிக்கும், வேலையை விட்ட இடத்தில் தொடரும். வாயு போக வழியில்லை. அழுத்தம் ஏறும், கண்ணாடி வெடிக்கும். கை, கண், முகம் எதை வேண்டுமானாலும் கிழிக்கும்.

குமிழ் நின்றதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் ஹைட்ரோமீட்டர். சர்க்கரை குறையக் குறைய அடர்த்தி குறையும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த ரீடிங் மாறாமல் இருக்கணும். அதோடு அந்த ரீடிங் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கியும் இருக்கணும். பாதியில் தூங்கிய ஈஸ்டும் மாறாத ரீடிங்கைத்தான் காட்டும்! ஹைட்ரோமீட்டரும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்காகக் கோடு போட்டது. அதில் 20 டிகிரி என்று அச்சிட்டிருந்தால் 28 டிகிரிச் சாற்றில் போட்டு வாசிப்பது சரியாகாது. எங்கே சுற்றினாலும் வெப்பநிலையிடமே வந்து நிற்கிறோம், பாருங்க.

நமக்கு என்ன?

நம்மில் யாரும் பீர் ஆலைக்குப் போகணும் என்று இல்லை. ஒருத்தர் பால் பண்ணைக்குப் போவார், ஒருத்தர் மருந்துக் கம்பெனிக்கு, ஒருத்தர் ஏசி மெக்கானிக்காக, ஒருத்தர் அணைக்கட்டுக்கு. தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். பெட்டியின் கதவோரத்தில் தொங்கும் தெர்மாமீட்டர் 6 என்று காட்டும். பின்சுவரை ஒட்டிய மருந்து உறைந்து வீணாகியிருக்கலாம். ரிஜிஸ்டரில் எல்லாம் சரி. குழந்தைக்குப் போடும் ஊசியில் பலன் இருக்காது. அங்கே நின்று ரீடிங் எழுதுகிற ஆள் நாளைக்கு நம்மில் ஒருவராக இருப்போம்.

அதனால் தோழர்களே, எந்த வேலையிலும் "டெம்பரேச்சர் எவ்வளவு?" என்று யாராவது கேட்டால் உடனே எண்ணைச் சொல்லாதீங்க. "எதனுடைய டெம்பரேச்சர்? எந்த இடத்தில்? எந்த நேரத்தில்?" என்று திருப்பிக் கேளுங்க. இந்த மூணு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் அளப்பவன் இல்லை, கட்டுப்படுத்துபவன்.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டாலும் இதையே சொல்லுங்க. மார்க் போடாமல் போகமாட்டார்!

அனைவருக்கும் அரியர் இல்லாத ஆண்டாக அமைய வாழ்த்துகள்!